தறிக்குழியில் இன்னொரு கால்

தறிக்குழியைத் தோண்டி முடித்து முதன்முதலாகக் காலை உள்ளே தொங்கவிட்ட ரங்கநாயகி, "உள்ள யாரோ காலு வெச்சிருக்கறாங்க" என்று சொன்னபோது, சாலிக்காட்டுப்புதூரில் யாரும் கையில் இருந்த வேலையைக் கீழே போடவில்லை. பாவுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் காய்ச்சினார்கள், சிக்கல் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எடுத்தார்கள், அச்சுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்த சென்னியப்பன் மட்டும் தலையை நிமிர்த்தி, "ஆம்பளைக் காலா, பொம்பளைக் காலா?" என்று கேட்டார். ரங்கநாயகி சற்று நேரம் குழிக்குள் துழாவிவிட்டு, "பொம்பளைதானுங் மாமா, மெட்டி குத்துது" என்றாள். "அப்பச் சரி" என்று அவர் மறுபடியும் குனிந்துகொண்டார்.

அந்த ஊரில் முன்பு வீட்டுக்கு வீடு, முன்கூடமான ஆசாரத்தில் ஒரு தறிக்குழி இருந்தது. விசைத்தறி வந்த காலத்தில் ஒவ்வொன்றாக மண்ணள்ளிப் போட்டு மூடி, மேலே சிமெண்டு பூசி, சிலர் அதன்மேல் டிவியை வைத்தார்கள், சிலர் கட்டிலைப் போட்டார்கள், பிறகு ஊரே நூல்மில் வேனில் ஏறிப் போவதும் நூல்மில் வேனில் தூங்கி வழிந்துகொண்டு திரும்புவதுமாகப் பல வருசம் போனது. ஒரு நாள் வேன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மில்லை யாருக்கோ கைமாற்றிவிட்டார்கள் என்றும், வாங்கியவர் அங்கே கல்யாண மண்டபம் கட்டப்போகிறார் என்றும் தெரிந்தபோது, வேனுக்காகச் சோத்துப் போசியோடு நின்றுகொண்டிருந்த கூட்டத்தில் இருந்து சென்னியப்பனின் மனைவி துளசியம்மா, "இப்படி நின்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறதுக்குத் தறியாச்சும் போடலாம்" என்றாள். அவள் கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அன்று பொழுது சாய்வதற்குள் டிவிகள் நகர்ந்தன, கடப்பாரைகள் வந்தன, விட்டத்தில் செருகிக் கிடந்த அச்சும் துணி சுற்றும் படமரமும் ஒட்டடையோடு கீழே இறங்கின.

ரங்கநாயகி வீட்டுக் குழிக்கு அடுத்துத் தோண்டிய குழியிலும் கால் இருந்தது, அதற்கு அடுத்ததிலும் இருந்தது. குனிந்து பார்த்தால் செம்மண். கையை விட்டுத் தடவினாலும் செம்மண். குழியின் விளிம்பில் உட்கார்ந்து மிதிபலகையைத் தேடிக் காலை விட்டால் மட்டும், அங்கே ஏற்கெனவே இரண்டு கால்கள், சூடாகவோ சில்லென்றோ, பித்தவெடிப்போடோ மழமழவென்றோ, தாமும் மிதிபலகையைத் தேடிக்கொண்டிருந்தன. கைக்கு எதுவும் மறந்துபோகவில்லை, ஊடை நூலோடு குறுக்கே ஓடும் நாடாவின் கயிற்றைப் பிடித்த கை தானாக இழுத்தது. கால்தான் எது முன்னே எது பின்னே என்று தெரியாமல் தடுமாறியது, கீழே இருந்த கால்களும் அப்படியே தடுமாறின, இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் மிதித்து, மன்னிப்புக் கேட்பதுபோல் விலகி, மறுபடியும் மிதித்து, சில நாட்களில் ஊர் முழுக்கத் தறிச்சத்தம் ஒரே சீராகக் கேட்கத் தொடங்கியது.

முறைகள் தாமாக உண்டாயின. தறியில் உட்காரும் முன் காலைக் கழுவ வேண்டும், அது கீழே இருப்பவர்களுக்குச் செய்யும் மரியாதை. நகம் வெட்டிக்கொள்ள வேண்டும். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து குழிக்குள் உதைக்கக் கூடாது. சென்னியப்பனின் குழியில் கொலுசுக் கால் இருப்பது தெரிந்ததும் துளசியம்மா சந்தைக்குப் போய்த் தடித்த காலுறை வாங்கிவந்து அவருக்கு மாட்டிவிட்டாள். இரண்டாம் நாள் அவர் ஒற்றைக் காலுறையோடு எழுந்து வந்தார்.

"இன்னொண்ணு எங்கெ?"

"எனக்கெப்படித் தெரியும்? கழட்டிட்டாங்க."

"கழட்டுற வரைக்கும் நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"நான் நெய்ஞ்சுட்டு இருந்தனம்மிணி!"

அன்றிலிருந்து துளசியம்மா தறியில் உட்கார்ந்தாள், சென்னியப்பன் ஓரமாக உட்கார்ந்து நாடாவுக்கு நூல்தார் சுற்றினார். கொலுசுக்காரியும் துளசியம்மாவும் அதற்குப் பிறகு எவ்வளவு நெருங்கிவிட்டார்கள் என்றால், மாரியாத்தா நோம்பிக்குத் துளசியம்மா தன் காலில் ஈர மருதாணியை அப்பிக்கொண்டு போய்க் குழிக்குள் விட்டு, கீழே இருந்த கால்களிலும் பாதியைத் தேய்த்துவிட்டு வந்தாள். வெளியே எடுத்தபோது அவள் பாதத்தில் மருதாணியோடு கருப்பாகப் பிசுபிசுவென்று மண் ஒட்டியிருந்தது. ஊரே வந்து அதைத் தொட்டுப் பார்த்தது. புதூரைச் சுற்றி எந்தக் காட்டிலும் அந்த மண் இல்லை. "கரிசல்" என்றார் சென்னியப்பன். "தெக்கத்திக்காரங்க." அதோடு அந்தக் கேள்வி முடிந்தது. எப்படி, ஏன் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை, ஆடிக்குள் போர்வைகளை முடித்து நெசவாளர் சங்கத்தில் கொடுக்க வேண்டியிருந்தது.

சம்பூரணம் கடைசியாகத்தான் குழி தோண்டினாள். அவள் புருசன் போர்வெல் லாரியில் வேலைக்குப் போய், வடக்கே எங்கேயோ துளை போட்ட ஊரிலேயே குடும்பமாகித் தங்கிவிட்டவன். போகிறேன் என்றுகூடச் சொல்லாமல், பல் விளக்கிய பிரஷ்ஷைக் குவளையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனவன். அதிலிருந்து அவள் வாய்க்கு ஊரே பயப்படும். மில்லில் ராத்திரி ஷிப்டை அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ராத்திரியில் பேச ஆள் கிடையாது, மெசினுக்கும் மெசினுக்கும் நடுவே விடிய விடிய நடக்கும் வேலை மட்டும்தான். அப்படி வருசக்கணக்காக நடந்த கால்களுக்கு ஒரு தனிமை உண்டு. அதைக் கால் வலி என்று சொல்லித் தைலம் தேய்ப்பார்கள், போகாது.

அவள் குழியில் இருந்தது ஆண் கால். அகலமான பாதம், கட்டைவிரலைவிட நீண்ட இரண்டாம் விரல். சம்பூரணம் முதல் காரியமாக ஓங்கி ஓர் உதை விட்டாள். கீழே இருந்த கால் சற்று விலகி, மிதிபலகையில் பாதி இடத்தை அவளுக்கு ஒதுக்கிக் கொடுத்துவிட்டு அமைதியாக இருந்தது. மறுநாளும் உதைத்தாள். மறுநாளும் இடம் விட்டது. மூன்றாவது முறை உதைக்கப் போனவள் அதன் குதிகால் வெடிப்பைத் தெரியாமல் தொட்டுவிட்டு, "சனியனே, வெளக்கெண்ணெய் போடக் கூடாதா?" என்று குழியைப் பார்த்துச் சத்தம் போட்டாள். அடுத்த நாள் தன் காலில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

பிறகு ஒரு மத்தியானம், தெருவில் போனவர்கள் ஒரு சத்தம் கேட்டு நின்றார்கள். சம்பூரணம் வீட்டுக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். "அய்யோ, கூச்சம் காட்டாத, கயித்த இழுத்துப் போட்டேன் பாரு" என்று யாரையோ திட்டிக்கொண்டே சிரித்தாள்.

சிரித்தால் கால் நின்றுவிடும், கை நிற்காது. மிதி மாறாமல், பாவு திறந்திருக்கும் ஒரே வாயில் நாடா இரண்டு தரம் ஓடினால் இரண்டு ஊடை நூல் ஒட்டிப் படுத்துக்கொள்ளும், துணியின் குறுக்கே ஒரு தடித்த கோடு விழும். நெசவில் அது குற்றம். சம்பூரணத்தின் போர்வைகளில் அந்தக் கோடு அங்கங்கே விழ ஆரம்பித்தது, துளசியம்மாவின் போர்வைகளில் அதைவிட அதிகமாக விழுந்தது, ரங்கநாயகி தினமும் காலையில் கீழே இருப்பவளோடு கட்டைவிரல் மல்யுத்தம் பிடித்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பதால் அவள் போர்வையின் முதல் சாண் முழுக்கக் கோடாகவே இருந்தது. சிரிப்புக்கோடு என்று அதற்குப் பெயரும் வந்துவிட்டது.

கைத்தறி ஆபீசு தமயந்தி மேடத்துக்கு அந்தப் பெயர் தெரியாது. அவள் நல்ல மாதிரி, இந்த ஊர்த் தறிகளுக்காக மேலிடத்தில் மல்லுக்கட்டி நூல் வாங்கிக் கொடுத்தவள். அவள் ஒரு நாள் ஸ்கூட்டியில் வந்து இறங்கி, மாரியாத்தா கோயில் முன்னால் ஊரைக் கூட்டி, சம்பூரணத்தின் போர்வையை விரித்து அதன்மேல் ஒரு பருத்திச் சேலையைப் போட்டாள். போர்வையில் கோடு விழுந்த இடத்தில் எல்லாம் சேலையிலும் கோடு விழுந்திருந்தது. அதே தூரம், அதே இடைவெளி.

"இது வேப்பங்கரிசல்னு ஒரு ஊருல நெய்ஞ்சது. மதுரைக்கும் தெக்க. அவங்களும் உங்களாட்டத்தான், இப்பத்தான் குழியத் தோண்டித் தறி போட்டிருக்காங்க. ரெண்டு ஊருத் துணியிலயும் ஒரே குத்தம். யாரப் பாத்து யாருங்க காப்பியடிச்சது?"

"தப்பை யாராச்சும் பாத்து எழுதுவாங்களாம்மிணி?" என்றார் சென்னியப்பன்.

"அதுதான் நானும் யோசிச்சேன். அப்பக் கோளாறு குழியிலதான் இருக்கோணும். ஈரமோ என்னமோ. பொதுவா ஒரு ஷெட்டு போட்டுத் தர்றோம். சிமெண்டுத் தரை, பேன், லைட்டு. தரைமேல நிக்கிற தறி. காலத் தொங்கப் போட வேண்டியதில்ல. குழியெல்லாம் மூடிரலாம். வேப்பங்கரிசல்ல கிட்டத்தட்டச் சரின்னுட்டாங்க."

யாராவது விசயத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை, ஆனால் மழை பெய்தால் நனையும் என்பதை எப்படி ஒருவருக்கு எடுத்துச் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியாததுபோல இதையும் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. கடைசியில் துளசியம்மா, "பேனு நல்லதுதானுங் மேடம். ஆனாக் காலுக்கு வேர்க்கறதில்லைங்களே" என்றாள். நாலு பேர் பேன் வேண்டும் என்றார்கள், நாலு பேர் குழி வேண்டும் என்றார்கள், யோசித்துச் சொல்வதாக ஊர் தவணை கேட்டது.

சம்பூரணம் வாய் திறக்காமல் இருந்ததை எல்லாரும் கவனித்தார்கள். அவள் நேராக வீட்டுக்குப் போய், காலைக் கழுவி, குழிக்குள் விட்டாள். இந்த ஊர் என்ன சொன்னாலும் சரி, அந்த ஊரில் சரியென்று சொல்லிவிட்டால் போதும், ஒரு வண்டி மண், ஒரு சட்டி சிமெண்டு, அவ்வளவுதான். கீழே இருந்த கால்கள் வழக்கம்போல இடம் விட்டன. அவள் மிதிபலகையைத் தொடவில்லை. அந்த இரண்டு பாதங்களையும் தன் பாதங்களுக்கு நடுவே சேர்த்து வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ரங்கநாயகி தீப்பெட்டி கேட்டு எட்டிப் பார்த்தபோது நாடா சும்மா கிடந்தது, சம்பூரணம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க்கா, அந்த ஊரு பேருதான் தெரிஞ்சுபோச்சே. ஒரு நடை போயிட்டு வந்தா என்னங்க்கா?"

"போயி? யாருன்னு கேக்கறது? ரெண்டாம் வெரலு நீட்டமா இருக்கறவரு வீடு எதுன்னா?"

"கேட்டா என்ன?"

"எனக்குக் காலுதான்டி தெரியும், மொகம் தெரியாது. நீ தீப்பெட்டிய எடுத்துட்டுப் போ."

பொழுது இறங்கும்வரை அவள் விடவில்லை. கீழே இருந்த கால்களும் இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் அவள் குழிக்குள் காலை விட்டாள், அங்கே யாரும் இல்லை.

மிதிபலகை முழுவதும் அவளுக்கே இருந்தது. இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் துழாவினாள், செம்மண் சில்லென்று பட்டது. சிமெண்டு போட்டுவிட்டார்கள் என்று எழுந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ரங்கநாயகி வீட்டுக்கு ஓடினாள். ரங்கநாயகி தறியில் உட்கார்ந்து கட்டைவிரல் மல்யுத்தத்தில் தோற்றுக்கொண்டிருந்தாள். துளசியம்மா வீட்டுக்குப் போனாள். துளசியம்மா, "கொலுசுக்காரிக்கு இன்னைக்கு ஒடம்பு சரியில்லையாட்டம், காலு கணகணன்னு இருக்குது, சுக்குக் காப்பி வெச்சுக் குடுத்தாக் குடிக்கவா முடியும்" என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். ஊரில் எல்லாக் குழியிலும் கால் இருந்தது. சம்பூரணம் குழியில் மட்டும் இல்லை.

அப்படியென்றால் யாரும் மூடவில்லை. எழுந்து போயிருக்கிறான்.

சம்பூரணம் தன் வீட்டு நடையில் வந்து நின்றாள். பிடித்த பிடி பிடிக்காமல்தான் போயிருக்கிறான், ஒருத்தி நாள் முழுக்கக் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எவனும் போகத்தான் செய்வான், சொல்லாமல் போகிறவர்களுக்கு என்றே கடவுள் தன் வீட்டை அளந்து கட்டிவைத்திருக்கிறார் என்று என்னென்னவோ நினைத்துவிட்டு, உள்ளே போய்த் தறியில் உட்கார்ந்து, வெறும் மிதிபலகையை மிதித்து நெய்ய ஆரம்பித்தாள். அன்று அவள் நெய்த முழத்தில் ஒரு கோடு இல்லை, ஒரு பிசிறு இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது. தமயந்தி மேடம் பார்த்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பாள். வேறு யாருக்கும் அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஊர் என்ன முடிவு சொல்கிறது என்று கேட்க மேடம் வந்த அன்றுதான் பகல் பஸ்ஸில் இருந்து அந்த மனிதர் இறங்கினார். நாற்பத்தைந்து வயசு இருக்கும், துவைத்துக் கசங்கிய வேட்டி, கையில் ஒரு மஞ்சள் பை. கோயில் முன்னால் கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்துத் தயங்கி நின்று, "இந்த ஊருல மண்ணு செவப்பாத்தான இருக்கும்?" என்று கேட்டார்.

கேட்டுக்கொண்டே குனிந்து தானே ஒரு சிட்டிகை அள்ளி, பையில் இருந்து எடுத்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, அதில் இருந்த மண்ணோடு சேர்த்துப் பார்த்தார். "எங்கால்ல ஒட்டி வந்தது. இதேதான்" என்று நிம்மதியாக நிமிர்ந்தார். "எம்பேரு திருமேனி. வேப்பங்கரிசல்ல தறி நெய்யிறேன். அந்தம்மா ஊரு பேரச் சொல்லிச்சு" என்று மேடத்தைக் காட்டினார். "அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஒருத்தவுக எங் கால விடலை. என்னமோ ஆபத்து, கூப்புடுறாகன்னு வெளங்குச்சு. வர வழியில பஸ்ஸு கெட்டுப் போயி ஒரு நாளு கரூருல கெடந்தேன். யாருக்கு என்னாச்சு தாயி?"

கூட்டம் ஒரு நிமிசம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மொத்தமும் குனிந்து அவர் காலைப் பார்த்தது.

"செருப்பக் கழட்டுங்க" என்றாள் ரங்கநாயகி.

கழற்றினார். கட்டைவிரலைவிட இரண்டாம் விரல் நீண்டிருந்தது. குதிகாலில் வெடிப்புக்குள் கரிசல் மண் கோடு கோடாக இருந்தது, ஆனால் வெடிப்புகள் ஆறிக்கொண்டு வந்தன, விளக்கெண்ணெய் போட்ட பாதம் என்று பார்த்ததும் தெரிந்தது. துளசியம்மா தலையில் கைவைத்துக்கொண்டு, "இங்க வந்து நின்னாக் குழிக்குள்ள எப்படி இருப்பாரு! அட, நமக்குத் தோணலையே" என்றாள். பிறகு ஊரே சேர்ந்து விருந்துக்கு வந்த ஒறம்பரையைக் கூட்டிப் போவதுபோல அவரைச் சம்பூரணம் வீட்டுக்குக் கூட்டிப் போனது.

சம்பூரணம் நாடாவை நிறுத்தவில்லை. வாசலில் வெளிச்சம் மறைந்ததற்காகத் திட்ட வாயெடுத்தவள், முதலில் கீழே பார்த்தாள், அப்புறம்தான் மேலே பார்த்தாள். அந்த முகத்தை அவளுக்குத் தெரியாது. நீளமான முகம், நரைத்த மீசை, பயந்த கண்.

"சொல்லிட்டுப் போகோணும்னு தெரியாது?" என்றாள்.

"எப்பிடிச் சொல்ல? காலு தான இருந்துச்சு."

"ரெண்டு தட்டுத் தட்டியிருந்தா நான் புரிஞ்சுக்க மாட்டனா?"

"தட்டுனேனே! கெளம்பும்போது ரெண்டு தட்டுத் தட்டுனேன். நீங்கதான் அழுதுக்கிட்டு இருந்திருப்பீக."

"நானெதுக்கு அழுவறேன்?" என்றாள் சம்பூரணம், வாசலில் நின்ற இத்தனை பேரையும் ஒரு முறை முறைத்துவிட்டு. யாரும் நகரவில்லை.

தமயந்தி மேடமும் கூட்டத்தோடு வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, யாரையும் கேட்காமல் பக்கத்தில் ரங்கநாயகி வீட்டுக்குள் போய், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழியின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவள் வீல் என்று கத்தியதும், கத்தல் பாதியில் சிரிப்பாக மாறியதும் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. வெளியே வந்தபோது ஆபீசுக் களை போய் முகம் சிவந்திருந்தது. "ஷெட்டுல நூலு மூட்டை அடுக்கிக்கலாங்க" என்றாள். "கோடு போட்ட போர்வைன்னு தனியா வித்துப் பாக்கறேன். ரெண்டு ஊர்த் துணியையும் ஜோடி போட்டு வெச்சா எவனாவது வாங்காமயா போயிருவான். அந்த ஊருக்கும் நானே பேசிக்கறேன்." நடந்துபோய் ஸ்கூட்டியை எடுக்கும்போதும் ஒரு பாதத்தை இன்னொரு காலில் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

சம்பூரணம் வீட்டில் ஒறம்பரைக்கு உட்காரச் சரியான இடம் இல்லை. தறியை விட்டு அவள் எழுந்திருக்கவும் இல்லை. தண்ணீர் குடித்து முடித்துச் சொம்போடு நின்ற திருமேனியைப் பார்த்து, "வந்த காலோட நிக்காம ஒக்காருங்க" என்று குழி விளிம்பில் சற்று நகர்ந்து, மிதிபலகையில் பாதி இடத்தை விட்டாள். அவர் உட்கார்ந்தார். ஒரே குழிக்குள் நாலு கால்கள் தொங்கின. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருவரும் பாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இப்போதைக்கு முகம் கொஞ்சம் அதிகப்படியாக இருந்தது. அவள் நாடாக் கயிற்றை இழுத்தாள், அவர் மிதித்தார், அவள் மிதித்தாள்.

திருமேனியின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்தார். காதில் வைக்காமலே ஊருக்குக் கேட்கும் குரலில் அவர் தங்கை பேசினாள்.

"ஏண்ணே, சொர்ணந்தான் பேசுறேன். தறி சும்மா கெடக்கேன்னு நாந்தான் ஒக்காந்திருக்கேன். போய்ச் சேந்துட்டியான்னு கேக்க போனப் போட்டேன். இனி கேக்கத் தேவையில்ல. கீழ நாலு காலு கெடக்கு."

திருமேனி போனில் சத்தத்தைக் குறைக்கும் பொத்தானைத் தேடினார்.

"ஒண்ணு ஓங்காலு, எண்ண நாத்தம் இங்க வரைக்கும் அடிக்கிது. இன்னொண்ணு என்னைய ஓங்கி உதைக்கிது. அது யாருண்ணே, மதினியா?"

சம்பூரணம் கையை நீட்டிப் போனை வாங்கினாள். வாசலில் துளசியம்மா, ரங்கநாயகி, சென்னியப்பன், அவர்களுக்குப் பின்னால் ஊர்.

"நகத்த வெட்டு கண்ணு, குத்துது" என்றாள் சம்பூரணம்.

அந்தப் பக்கம் சொர்ணம் சிரித்ததில் இந்தப் பக்கம் மிதிபலகை நின்றுபோனது. கை நிற்கவில்லை. நாடா ஒரே வாயில் இரண்டு தரம் ஓடியது.